பிடித்ததையும் சாப்பிட்டு எடையையும் குறைக்க: ‘அளவோடு’ என்றால் எத்தனை கிராம்?

#1 அளவுகோல்

எடை பத்தின இழை எதுவானாலும் நாலாவது பதிவுல ஒருத்தர் வந்து "எல்லாத்தையும் அளவோட சாப்பிட்டா போதும்"னு சொல்லிட்டுப் போயிடறார். எல்லாரும் விருப்பம் போடறாங்க, இழை அதோட படுத்துடுது. அளவுன்னா எத்தனை கிராம், எதுல அளக்கிறது, எப்ப அளக்கிறது, அளந்தும் ஏன் தப்புதுன்னு யாரும் வாயைத் திறக்கிறதில்லை.

இங்க அதைப் பேசலாம். எவ்வளவு குறைச்சா உடம்பு தாங்கும், அதுக்குள்ள இனிப்பும் வறுவலும் எங்க உட்காரும், தராசும் கண்ணாடியும் சொல்றதுல எதை நம்பலாம், எதைத் தள்ளலாம். இதைச் சுத்தியே இருக்கட்டும். "நான் இப்படித்தான் இளைச்சேன்" கதைக்குத் தனி இழை இருக்கு, இங்க வேண்டாம். எண்ணும் காரணமும் வந்தா போதும்.

#2 கிராம்கணக்கு

அடிப்படைக் கணக்கை முதலில் போட்டுவிடுகிறேன், பிறகு சண்டை போடலாம்.

ஓய்வில் உடம்பு எரிக்கும் கலோரிக்கு 1990-ல் வந்த மிஃப்ளின்–செயின்ட் ஜோர் சமன்பாடு போதும். எடையை (கிலோ) 10 ஆலும் உயரத்தை (செ.மீ.) 6.25 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். அதிலிருந்து வயதை 5 ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டணும், பெண் என்றால் 161 கழிக்கணும். 68 கிலோ, 160 செ.மீ., 35 வயதுப் பெண்ணுக்கு 680 + 1000 − 175 − 161 = 1344. உட்கார்ந்து செய்யும் வேலை, கொஞ்சம் நடை என்றால் 1.4 ஆல் பெருக்க, ஏறத்தாழ 1880. இதுதான் எடை ஏறாமல் இறங்காமல் நிற்கும் அளவு. இது ஒரு மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் 10 விழுக்காடு இப்படி அப்படி இருக்கும். அதனால் இரண்டு வாரம் வழக்கம்போல் சாப்பிட்டு, எழுதி வைத்து, எடையும் பார்த்துச் சரிசெய்துகொள்வது நல்லது.

இதிலிருந்து 300 முதல் 500 வரை குறைக்கலாம். 1880-ல் 400 போனால் 1480. அதற்குக் கீழே இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள்.

இப்போது பிடித்த பண்டம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை அதற்கென்றே எழுதி ஒதுக்குங்கள், மிஞ்சினால் பார்க்கலாம் என்று விடாதீர்கள். 1480-க்கு 150 கலோரி. அது என்ன அளவு என்றால்: 70 விழுக்காடு கோகோ உள்ள சாக்லேட் 25 கிராம், சாதாரண வெனிலா ஐஸ்கிரீம் 70 கிராம், உருளைக்கிழங்கு சிப்ஸ் 28 கிராம், வறுத்த நிலக்கடலை 25 கிராம். ஏதாவது ஒன்று. நான்கும் இல்லை!

"ஒரு கிலோ கொழுப்பு = 7700 கலோரி, ஆகவே தினம் 240 குறைத்தால் வருடத்துக்கு 11 கிலோ" என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். எடை குறையக் குறைய உடம்பு எரிப்பதும் குறைகிறது. கெவின் ஹால் குழு 2011-ல் வெளியிட்ட கணக்கின்படி, தினசரி உணவில் நிரந்தரமாகக் குறைக்கும் ஒவ்வொரு 24 கலோரிக்கும் கடைசியில் ஏறத்தாழ ஒரு கிலோ இறங்கும். அதில் பாதி முதல் வருடத்தில், மீதி அடுத்த இரண்டு வருடத்தில். அதாவது 240 குறைத்தால் முதல் வருடம் 5 கிலோ. 11 கிலோவை எதிர்பார்த்து 5 கிலோ இறங்கினவர் தன்னையே திட்டிக்கொள்கிறார். கணக்குத்தான் தப்பு, ஆள் இல்லை.

#3 எண்ணெய்ச்சட்டி

கிராம்கணக்கு சொன்ன 1480 காகிதத்துல சரி. அடுப்படியில அது ஓட்டையாகிற இடங்களைச் சொல்றேன்.

முதல் ஓட்டை எண்ணெய். ஒரு தேக்கரண்டி (5 மி.லி.) 40 கலோரி, ஒரு மேசைக்கரண்டி (15 மி.லி.) 120. கரண்டியால ஊத்தறவங்க ரொம்பக் குறைவு, பாட்டிலைச் சாய்ச்சு சட்டியில ஒரு சுத்து சுத்துவாங்க. அந்த ஒரு சுத்து ஒரு மேசைக்கரண்டியா மூணா, கண்ணுக்குத் தெரியாது. சுலபமான வழி: சமைக்கிறதுக்கு முன்னாடி எண்ணெய் பாட்டிலைத் தராசுல வச்சு எடையைக் குறிச்சுக்குங்க. சமையல் முடிஞ்சதும் திரும்ப வைங்க. எத்தனை கிராம் குறைஞ்சதோ அதை 9 ஆல பெருக்குங்க, சாப்பிடற தலையால வகுங்க. எல்லாச் சமையல் எண்ணெய்க்கும் இதே கணக்குத்தான். "இது நல்ல எண்ணெய், இதுல கலோரி கம்மி"ன்னு ஒண்ணு கிடையாது. கொழுப்போட தரம் மாறும், கலோரி மாறாது.

ரெண்டாவது, பச்சை எடையா வெந்த எடையா. அரிசி வெந்தா தண்ணியைக் குடிச்சு ரெண்டரையிலிருந்து மூணு மடங்கு எடையாகும். பச்சையா 100 கிராம் 350 கலோரிக்குக் கொஞ்சம் மேல, வெந்தது 100 கிராம் 130. வெந்ததை எடை போட்டுட்டுப் வேகாத அரிசிக்கான கலோரியைச் செயலியில போட்டா ரெண்டு மடங்குக்கு மேல கணக்கு ஏறிடும். பாவம், சாப்பிடாததையும் சாப்பிட்டதா எழுதிக்கிட்டுப் பட்டினி கிடக்கிறவங்க இருக்காங்க. இறைச்சி நேர்மாறு, வெந்தா தண்ணி விட்டுக் கால் பங்கு எடை குறையும். அதனால எதையும் பச்சையா எடை போட்டுப் பச்சைக்கான கலோரியையே எழுதுங்க, குழப்பமே வராது.

மூணாவது எண்ணெயில பொரிக்கிற பண்டம். பொரிக்கிறதையே விடுங்கன்னு சொல்ல மாட்டேன், சரியாப் பொரிங்க. எண்ணெய் 170–180 டிகிரியில இருந்தா பண்டத்துக்குள்ள இருக்கிற தண்ணி ஆவியா வேகமா வெளிய வரும், அந்த அழுத்தம் எண்ணெயை உள்ள விடாது. எண்ணெய் காயாம போட்டாலும், ஒரே நேரத்துல சட்டியை நிரப்பினாலும் சூடு இறங்கி, வேக நேரமாகும், பண்டம் ஊறிப்போகும். ஆனா எண்ணெய் அதிகமா உள்ள போறது சட்டியில இல்ல, சட்டியை விட்டு எடுத்த அப்புறம். பண்டம் ஆறும்போது உள்ளே இருக்கிற ஆவி தண்ணியாகச் சுருங்குது, அப்ப மேல ஒட்டியிருக்கிற எண்ணெயை அப்படியே உறிஞ்சிக்குது. எடுத்த உடனே, சூடு இருக்கும்போதே, ஜல்லிக்கரண்டியில நல்லா உதறிக் கம்பி வலை மேல ஒரே அடுக்கா பரப்பணும். கிண்ணத்துல குவிச்சு வச்சுட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுத் தாள்ல ஒத்தறதுல பிரயோஜனம் கம்மி, அதுக்குள்ள குடிச்சு முடிச்சிருக்கும்.

#4 பசிமானி

கலோரி எண்ணிக்கை ஒன்றே என்றாலும் வயிறு அதை ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை. 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழு 38 உணவுகளை 240 கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் பசி அடங்குவதை அளந்தது. வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்தால் அவித்த உருளைக்கிழங்கு 323, முட்டை 150, கேக் 65, குரோசான் 47. ஒவ்வொரு உணவையும் சோதித்தவர்கள் பத்துப் பதின்மூன்று பேர்தான், அதனால் எண்களைக் கல்வெட்டாக எடுக்க வேண்டாம். திசை சரி: தண்ணீர், நார், புரதம் மூன்றும் கூடினால் பசி அடங்கும். கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்து, மென்மையாக, நாக்கில் கரைகிற மாதிரி இருந்தால் அடங்காது.

டயட் என்றதும் முதலில் உருளைக்கிழங்கை ஒதுக்குகிறவர்கள் இந்த எண்ணை இன்னொரு முறை படிக்கலாம்.

2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் அதே கெவின் ஹால் 20 பேரைத் தங்க வைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் ஒரே அளவு, வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு வாரங்களில் தினம் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. எடை 0.9 கிலோ ஏறியது. மற்ற வாரங்களில் அதே அளவு இறங்கியது. சாப்பிட்ட வேகமும் பதப்படுத்திய உணவில் அதிகம். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று சொல்லி வைத்ததில் விஷயம் இருக்கிறது. குடலிலிருந்து போதும் என்கிற சேதி மூளைக்கு எட்ட 15–20 நிமிடம் பிடிக்கும். ஏழு நிமிடத்தில் தட்டு காலியானால் சேதி வருவதற்குள் இரண்டாவது தட்டு வந்துவிடும்.

செய்ய வேண்டியது: புரதம் உடல் எடைக்குக் கிலோவுக்கு 1.2–1.6 கிராம். 68 கிலோவுக்கு ஏறத்தாழ 80 முதல் 110 கிராம், அதை மூன்று வேளைக்குப் பிரியுங்கள். எல்லாவற்றையும் இரவில் ஒரே தட்டில் குவித்தால் பகல் பசி அப்படியே இருக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. காய்கனி 400 கிராமுக்குக் குறையாமல், நார் 25 கிராமுக்குக் குறையாமல், இது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. நாரை ஒரே நாளில் 10-லிருந்து 25-க்கு ஏற்றினால் வயிறு உப்பிக்கொண்டு படுத்தும். வாரத்துக்கு 5 கிராம் ஏற்றுங்கள், தண்ணீரும் சேர்த்து ஏற்றுங்கள்.

#5 கேள்விக்குறி

மாவுச்சத்தை அடியோட நிறுத்தினா சீக்கிரம் இறங்கும்கறாங்களே? முதல் வாரமே 2 கிலோ போகுதாமே?

#6 முள்தராசு

போகும் சகோ. போறது தண்ணி.

கல்லீரலும் தசையும் சேர்ந்து 400–500 கிராம் கிளைகோஜனை (உடம்பு சேமிச்சு வைக்கிற மாவுச்சத்து) சேர்த்து வச்சிருக்கும். ஒவ்வொரு கிராமும் கூட 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வைக்கும். மாவுச்சத்தை நிறுத்தினா சேமிப்பு கரையுது, தண்ணி வெளிய போகுது, தராசுல ரெண்டு கிலோ காணோம். திரும்ப ஒரு நாள் வழக்கம்போல சாப்பிட்டா அதே தண்ணி திரும்பி வரும். அதைப் பார்த்துட்டு "ஒரு வேளை சாப்பிட்டதுல ரெண்டு கிலோ கொழுப்பு ஏறிடுச்சு"ன்னு அழறாங்க. ரெண்டு கிலோ கொழுப்பு ஏற 15,000 கலோரிக்கு மேல வேணும், ஒரு வேளையில யாராலயும் ஆகாது.

நீண்ட ஓட்டத்துல எது ஜெயிக்கும்னா, 2018-ல ஸ்டான்ஃபோர்டுல 609 பேரை 12 மாசம் பார்த்தாங்க. கொழுப்பு குறைச்சவங்க 5.3 கிலோ, மாவுச்சத்து குறைச்சவங்க 6.0 கிலோ. புள்ளியியல்படி வித்தியாசம்னு சொல்ல முடியாது. உங்களுக்கு எதை விடறது கஷ்டமோ அதை விடாதீங்க, அவ்வளவுதான்.

தராசைப் பத்தியும் சொல்லிடறேன். ஒரு நாள் எடை எதையும் சொல்லாது. உப்பு, மலச்சிக்கல், மாதவிடாய், முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி, இதெல்லாம் ஒரு கிலோ ரெண்டு கிலோ ஆட்டும். தினம் காலையில சிறுநீர் கழிச்ச அப்புறம், தண்ணி குடிக்கிறதுக்கு முன்னாடி, ஒரே மாதிரி உடையோட பாருங்க, ஏழு நாள் சராசரி எடுங்க. ஒரு உதாரணம்:

முதல் வாரம்: 68.4, 67.9, 68.8, 68.2, 67.8, 68.5, 68.1. சராசரி 68.2.
ரெண்டாம் வாரம்: 68.0, 67.6, 68.6, 67.9, 67.5, 68.0, 67.7. சராசரி 67.9.

300 கிராம் இறங்கியிருக்கு, நல்ல வேகம். ஆனா முதல் வாரத்துல முதல் நாளும் (68.4), ரெண்டாம் வாரத்துல மூணாவது நாளும் (68.6) மட்டும் தராசுல ஏறினவர் 200 கிராம் ஏறிட்டதாத்தான் நினைப்பார். உடனே சாப்பாட்டைக் குறைப்பார், அங்கதான் சிக்கல் ஆரம்பம்.

மாதவிடாய் வர்றவங்க வாரத்தை வாரத்தோட ஒப்பிடாம, போன சுழற்சியோட அதே வாரத்தோட ஒப்பிடணும். மாதவிடாய்க்கு முந்தின நாட்கள்ல தண்ணி தேங்கி இறக்கத்தையே மறைச்சிடும்.

#7 கேள்விக்குறி

நன்றி. இன்னொண்ணு: ஆறு நாள் கட்டுப்பாடு, ஏழாம் நாள் இஷ்டத்துக்குன்னு வச்சுக்கிட்டா சரிவருமா?

#8 நிலைக்கண்ணாடி

கணக்குப்படியே சரிவராது. ஆறு நாள் 400 வீதம் குறைத்தால் 2400. ஏழாம் நாள் "இன்னைக்கு இல்லேன்னா அடுத்த வாரம்தான்" என்கிற பதற்றத்தில் சாப்பிடும்போது 2000 கூடுதலாகப் போவது சாதாரணம். மிச்சம் 400. ஒரு வாரம் வாயைக் கட்டியதற்கு ஒரு நாள் கூலி.

அதைவிடப் பெரிய பிரச்சினை மனதில். 1975-ல் ஹெர்மனும் மேக்கும் செய்த சோதனை இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். சிலருக்கு மில்க்ஷேக் இல்லை, சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. பிறகு சுவை பார்க்கச் சொல்லி ஐஸ்கிரீம், எவ்வளவு வேண்டுமானாலும். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்கள் மில்க்ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விதி உடைந்தது, ஆனது ஆச்சு, இனி என்ன. பசி அங்கே பேசவே இல்லை. விதி எவ்வளவு கறாரோ உடைப்பும் அவ்வளவு பெரிது.

"இதைத் தொட்டால் நிறுத்த முடியாது" என்று ஒதுக்கி வைத்த பண்டத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு முறை இருக்கிறது. ஒரே ஒரு பண்டத்தை எடுங்கள். வயிறு நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு, பசியோடு இருக்கும்போது அல்ல. ஒரு அளவை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, பொட்டலத்தை மூடி எடுத்த இடத்தில் வையுங்கள். உட்கார்ந்து, திரை இல்லாமல் சாப்பிடுங்கள். வாரத்துக்கு மூன்று நான்கு முறை, அதே பண்டம், மூன்று நான்கு வாரம். முதல் இரண்டு முறை இன்னும் வேண்டும் என்றுதான் தோன்றும். நாளையும் இது கிடைக்கும் என்பது உறுதிப்பட்ட பிறகுதான் பரபரப்பு அடங்கும்.

எங்கே தவறும் என்றால்: மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அதற்குப் பதிலாக இதைச் சாப்பிடுவது, நின்றபடி பொட்டலத்திலிருந்தே எடுப்பது, ஒரே வாரத்தில் ஐந்து பண்டங்களைத் திரும்பச் சேர்ப்பது. எல்லாவற்றையும்விட, கூடுதலாகச் சாப்பிட்ட மறுநாள் பட்டினி கிடப்பது. அதுதான் அடுத்த உடைப்புக்கு வெடிமருந்து. கூடிப்போனால் மறுநாள் காலை வழக்கமான சாப்பாடு, வழக்கமான அளவு. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம்.

#9 கிராம்கணக்கு

மேற்கோள்: "பொட்டலத்தை மூடி எடுத்த இடத்தில் வையுங்கள்."

இதில் எனக்கு உடன்பாடு இல்லை அக்கா. 400 கிராம் பொட்டலம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்போது, நாள் முழுக்க உழைத்துக் களைத்தவரிடம் இரவு பத்து மணிக்குப் போய் உறுதியைச் சோதிப்பது நியாயமில்லை. ஒரு நேர அளவு மட்டும் வாங்கட்டும், விலை கூடினாலும் பரவாயில்லை. வாசலைத் தாண்டி வெளியே போய்த்தான் இரண்டாவது வாங்க வேண்டும் என்றாலே பாதிப் பேர் போக மாட்டார்கள்.

#10 நிலைக்கண்ணாடி

தொடக்கத்தில் அது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் அந்தப் பண்டம் எப்போதும் அபாயமாகவே இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும், எந்த விருந்துக்குப் போனாலும் பயம். நாலு வாரம் ஒற்றை அளவு, பிறகு சிறிய பொட்டலம் வீட்டில் என்று ஏறலாம்.

#11 பசிமானி

இரண்டு பேரும் சொல்வதில் ஒன்று விட்டுப்போகிறது, வகை. ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்தச் சுவை மட்டும் சலிக்கும், வேறு சுவை வந்தால் பசி புதிதாகத் தொடங்கும். பார்பரா ரோல்ஸ் 1980-களின் தொடக்கத்திலிருந்து இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். விருந்தில் மூச்சு முட்டச் சாப்பிட்டுவிட்டு இனிப்புக்கு இடம் இருப்பது இதனால்தான். வீட்டில் ஒரே நேரத்தில் ஒரு வகை இனிப்பு, ஒரு வகை நொறுக்குத்தீனி. அது தீர்ந்த பிறகு அடுத்தது. காய்கறியில் மட்டும் இதைத் தலைகீழாக்குங்கள், ஒரே தட்டில் மூன்று வகை வைத்தால் காய் கூடுதலாக உள்ளே போகும்.

#12 அளவுகோல்

சாப்பாட்டுப் பக்கம் நல்லா போகுது. கண்ணாடிப் பக்கம் யாராவது? 5 கிலோ இறங்கியும் "ஒண்ணும் மாறலை"ன்னு நிக்கறவங்க கேள்வி தனிமடல்ல நிறைய வருது.

#13 நிலைக்கண்ணாடி

கேமராவிலிருந்து தொடங்குகிறேன், அதில் குழப்பமே இல்லை. 30 செ.மீ. தூரத்தில் கைபேசியைப் பிடித்து எடுத்த படத்தில், 1.5 மீட்டரில் எடுத்த படத்தை விட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரியும். 2018-ல் மருத்துவ இதழில் இந்தக் கணக்கு வந்தது. கிட்டத்தில் இருப்பது பெரிதாகும், அவ்வளவுதான். அதே காரணத்தால் இடுப்பு உயரத்தில் கிட்டப் பிடித்தால் வயிறு முன்னால் வரும். முன்பின் ஒப்பிடப் படம் எடுப்பதானால் கைபேசியை ஓரிடத்தில் நிறுத்தி, 2 மீட்டர் தள்ளி நின்று, அதே வெளிச்சம், அதே உடை, மாதம் ஒரு முறை.

அடுத்தது சரிபார்க்கும் பழக்கம். வயிற்றைக் கிள்ளிப் பார்ப்பது, பக்கவாட்டில் நின்று பார்ப்பது, கடைக் கண்ணாடியில் நடக்கும்போது பார்ப்பது, மணிக்கட்டை விரலால் சுற்றிப் பார்ப்பது. பார்க்கும்போது அந்த இடத்தை மட்டும், குறையைத் தேடியே பார்க்கிறோம், தேடினால் கிடைக்கும். கிடைத்ததால் இன்னும் தேடுவோம். உண்ணுதல் கோளாறுக்கான சிகிச்சையில் இதை நேரடியாகக் கையாள்கிறார்கள், கோளாறு இல்லாதவர்களுக்கும் அதே முறை உதவும். இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு எண்ணே அதிர்ச்சியாக இருக்கும். பிறகு தலைவாரவும் உடை சரிசெய்யவும் மட்டும் கண்ணாடி, கிள்ளிப் பார்ப்பதும் அளந்து பார்ப்பதும் முழுக்க நிறுத்தம். முதல் வாரம் கை தானாகப் போகும். கண்ணாடியைத் துணி போட்டு மூடச் சொல்ல மாட்டேன். முழுக்கத் தவிர்ப்பதும் பயத்தைத்தான் வளர்க்கும்.

இறுக்கிப் பிடிக்கிற உடையை "இளைத்த பிறகு போட" என்று அலமாரியில் முன்வரிசையில் வைக்காதீர்கள். இன்றைய உடம்புக்கு ஏற்ற உடை இரண்டு மூன்றாவது இருக்கட்டும். இடுப்பில் நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருக்கும் பட்டி நூறு முறை கண்ணாடி பார்ப்பதற்குச் சமம்.

பார்க்கிற படங்களும் சும்மா விடாது. ஃபிஜியின் நட்ரோகாவில் 1995-ல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் அந்த ஆண்டும் 1998-லும் பள்ளி மாணவிகளிடம் ஆய்வு செய்தார். உண்ணுதல் கோளாறுக்கான வினாத்தாளில் கவலைக்குரிய மதிப்பெண் எடுத்தவர்கள் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 ஆனார்கள். எடையைக் கட்டுப்படுத்த வாந்தி எடுத்ததாகச் சொன்னவர்கள் 1995-ல் ஒருவரும் இல்லை, 1998-ல் 11.3 விழுக்காடு. பருத்த உடலைத்தான் நல்ல உடல் என்று கொண்டாடிய ஊர் அது, மூன்றே வருடம். கைபேசியில் "முன்-பின்" படம் போடும் கணக்குகளை மௌனமாக்க அரை நிமிடம் ஆகாது.

#14 முள்தராசு

பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா வர்ற எண்) பத்தியும் ஒரு வரி. 1830-கள்ல கெட்லேங்கற பெல்ஜியப் புள்ளியியலாளர் மக்கள்தொகைக் கணக்குக்காகப் போட்டது. பெயர் வச்சது 1972-ல ஆன்செல் கீஸ்ங்கற அமெரிக்க ஆய்வாளர். கூட்டத்தைக் கணிக்க நல்லது, தனி ஆளோட தசையா கொழுப்பான்னு அதுக்குத் தெரியாது. அதோட இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துப் பாருங்க: உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும், 160 செ.மீ.க்கு 80-க்குள்ள. அளக்கிற இடம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல்முனைக்கும் நடுவுல, இயல்பா மூச்சை விட்ட அப்புறம். வயித்தை எக்கிக்கிட்டு அளந்தா யாரை ஏமாத்தறோம்?

#15 காப்பாளர்

இழை போகும் வழி நன்றாக இருப்பதால் குறுக்கிடவில்லை. ஆனால் படிக்கிறவர்களில் எடை குறைக்கவே கூடாதவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காக இது.

18 வயதுக்குக் கீழே, கர்ப்பம், பாலூட்டும் காலம், முன்பு உண்ணுதல் கோளாறு இருந்தவர்கள்: இங்கே சொன்ன கலோரிக் கணக்கு உங்களுக்கு அல்ல. இன்சுலினோ சல்ஃபோனில்யூரியா வகை மாத்திரையோ எடுக்கும் நீரிழிவுக்காரர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருந்தளவை மருத்துவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். நாளுக்கு 800 கலோரிக்குக் கீழான உணவுமுறை மருத்துவக் கண்காணிப்பில் மட்டும். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடும். வேகமாக இளைத்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டினால் ஷாம்புவைக் குறை சொல்ல வேண்டாம்.

எண்ணுவதை உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்: மூன்று மாதம் மாதவிடாய் வராதது, எழுந்தால் தலை சுற்றுவது, எப்போதும் குளிர்வது, மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட மறுப்பது, சாப்பிட்டதை ஈடுகட்ட வாந்தி, மலமிளக்கி, கடும் உடற்பயிற்சி. மலமிளக்கி பெருங்குடலில் வேலை செய்கிறது, கலோரி அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். போவது தண்ணீரும் பொட்டாசியமும்தான், பொட்டாசியம் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். வாரம் ஒரு முறையாவது கட்டுமீறிய பெருந்தீனி மூன்று மாதம் தொடர்ந்தால் அது நோய், அதற்கு மருத்துவம் இருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் எடையைப் பற்றி அல்ல, இதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு தானாகவே திடீரென நிறையச் சாப்பிடத் தொடங்குவதும் ஆபத்து, இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே கேடாகலாம்.

உணவைப் பற்றிய நினைப்பு விடாமல் துரத்துவது பலவீனம் என்று நினைக்கிறவர்களுக்கு: 1944–45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அதே ஆன்செல் கீஸ், உடலும் மனமும் திடமான 36 ஆண்களுக்கு 24 வாரம் சுமார் 1570 கலோரி மட்டும் கொடுத்தார். எடையில் ஏறத்தாழ கால் பங்கு போனது. உணவே கனவாகி, சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். மறுபடி சாப்பாடு கிடைத்தபோது சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டும் பசி அடங்கவில்லை.

#16 கேள்விக்குறி

ஐயா, 1570-ன்னா இங்க சொன்ன 1480-ஐ விட அதிகமாச்சே?

#17 கிராம்கணக்கு

நல்ல கேள்வி. அவர்கள் இளம் ஆண்கள், எடை கூடுதலாக இல்லாதவர்கள், அதோடு வாரம் 22 மைல் நடக்க வைத்தார்கள். அவர்களுக்கு அது தேவையில் பாதி. 1880 தேவைப்படும் பெண்ணுக்கு 1480 என்பது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எண்ணைப் பார்க்காமல் தன் தேவையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். அதனால்தான் அடுத்தவர் டயட் அட்டவணையைக் கடன் வாங்கக் கூடாது என்கிறோம்.

#18 புதுவரவு

எல்லாம் படிச்சேன். அஞ்சு வாரமா சராசரி அசையாம நிக்குதுன்னா என்ன பண்றது?

#19 முள்தராசு

முதல்ல எழுதறதைச் சந்தேகப்படுங்க. 1992-ல வந்த ஒரு ஆய்வுல, "எவ்வளவு குறைச்சும் இறங்கலை"ன்னு சொன்னவங்க உண்மையில சாப்பிட்டதை 47 விழுக்காடு குறைச்சுச் சொல்லியிருந்தாங்க, உழைப்பை 51 விழுக்காடு கூட்டிச் சொல்லியிருந்தாங்க. பொய் சொல்லலை, அவங்களுக்கே தெரியலை. சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை தட்டுல மிச்சம், காபியில பால், எண்ணெய். ஒரு வாரம் எல்லாத்தையும் கிராம்ல எழுதுங்க.

அது சரியா இருந்தா, நடையைப் பாருங்க. சாப்பாடு குறைஞ்சா உடம்பு சத்தமில்லாம அசைவைக் குறைச்சுக்கும். முன்னாடி 8000 அடி நடந்தவர் 5000-ல நிப்பார், அவருக்கே தெரியாது. அதைத் திரும்ப ஏத்துங்க. அதுவும் சரின்னா புது எடைக்குக் கணக்கை மறுபடி போடுங்க. 6 கிலோ இறங்கினவருக்கு அந்தச் சமன்பாட்டை 1.4 ஆல பெருக்கினாலே 80 கலோரிக்கு மேல குறைஞ்சிருக்கும். சாப்பாட்டை மேல குறைக்கிறது கடைசி வழி. அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் எடை நிற்கிற அளவுக்கே சாப்பிட்டு ஓய்வு கொடுக்கலாம்.

#20 புதுவரவு

கடைசியா ஒண்ணு. ஐஸ்கிரீம் 70 கிராம்னீங்க. பெரிய டப்பாவுல இருந்து கிண்ணத்துல போட்டு அளந்தா பாதி கிண்ணத்துல ஒட்டுது, கூடிப்போனா திரும்பப் போட மனசு வரலை.

#21 எண்ணெய்ச்சட்டி

கிண்ணத்தை எடை போடாதீங்க, டப்பாவை எடை போடுங்க. டப்பாவைத் திறந்து தராசுல வச்சு பூஜ்யப் பொத்தானை அழுத்துங்க. கரண்டியால எடுக்க எடுக்கத் தராசு கழித்தல் குறியோட காட்டும். மைனஸ் 60 வந்ததும் வேகத்தைக் குறைச்சு, மைனஸ் 70-ல நிறுத்துங்க. கடலை வெண்ணெய், தேன், ஜாம், ஒட்டற எதுக்கும் இதே முறை. ஒரு கிராம் துல்லியம் காட்டற சமையல் தராசு போதும். டப்பா ஃப்ரீசர்ல இருந்து வந்ததா இருந்தா வெளிப்பக்கம் பனியைத் துடைச்சுட்டு வைங்க. அது உருகிச் சொட்டினா அந்த எடையும் நீங்க சாப்பிட்ட கணக்குல சேர்ந்துடும்.